முந்நூற்றுப் பன்னிரண்டாவது முதல் முறை

ரோஸ்வித்தா கெர்பர் இருபத்திரண்டு வருடங்களில் முந்நூற்றுப் பன்னிரண்டு இசைப் படைப்புகளைப் பியானோவில் வாசித்திருக்கிறாள். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை.

இதில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜெர்மனியின் ரூர் சுரங்கப் பக்கத்தில் எங்கள் ஊரில் இருக்கிற வருங்கால இசை அறக்கட்டளையின் சட்டம் அது. நான்காம் பிரிவு சொல்கிறது: இதுவரை ஒலிக்காதது மட்டுமே ஒலிக்கத் தகும். அவள் பதவிக்கே ‘முதல் ஒலிப்புப் பியானோ கலைஞர்’ என்றுதான் பெயர். யாராவது ஒரு புதுப் படைப்பை எழுதுவார்கள். அவள் மூன்று வாரம் விரல் ஒடியப் பழகுவாள். ஒரு நாள் மேடையில் வாசிப்பாள். ஐந்து நாளுக்குள் இசைத்தாளைக் காப்பகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். அவர்கள் அதற்கு அரக்கு முத்திரை வைத்து, ஈரம் புகாத பெட்டியில் போட்டுப் பூட்டுவார்கள். நகல் எடுக்கக் கூடாது. எதையாவது இரண்டாம் முறை வாசித்தால் பதினோராம் பிரிவின்படி வேலை போய்விடும்.

மற்றபடி நல்ல வேலை.

முழங்கையால் வாசித்திருக்கிறாள். நெற்றியால் வாசித்திருக்கிறாள். ஒரு படைப்பில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பியானோவின் வயிற்றுக்குள் தலையை விட்டு, ‘வேண்டாம்’ என்று முப்பத்தாறு முறை கத்த வேண்டியிருந்தது. இன்னொன்றில் பியானோ மூடியின் மேல் வைத்துத் தன் வருமான வரிப் படிவத்தை நிரப்ப வேண்டும். பென்சில் உரசுகிற சத்தம்தான் இசை. அந்த வருடம் அவள் படிவம் பிழையே இல்லாமல் வந்ததென்று வரி அலுவலகம் நன்றிக் கடிதம் அனுப்பியது. பதினோரு மணி நேரம் ஓடிய ஒரு படைப்பின் கடைசி நான்கு மணி நேரத்தை ஒரே ஒருவர் இருந்து கேட்டார். அவர் தீயணைப்புத் துறைக்காரர். எழுந்து போக அவருக்கு அனுமதி இல்லை.

ரசிகர்களும் ஒழுங்கானவர்கள். ஒரு படைப்பு எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று காட்டிக்கொள்வதை விட உயிரை விடலாம் என்று நினைப்பவர்கள். அதனால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் படைப்பாளி தலையாட்டுகிற வரை ஒருவரும் கை தட்ட மாட்டார்கள். ஒருமுறை படைப்பாளி நடுவில் கழிப்பறைக்குப் போனார், தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. வாசிப்பு முடிந்த பிறகும் கூட்டம் இருபத்தைந்து நிமிடம் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தது. மறுநாள் பத்திரிகையில் அந்த இருபத்தைந்து நிமிடத்தைத்தான் புகழ்ந்திருந்தார்கள்.

முந்நூற்றுப் பன்னிரண்டாவது படைப்பில்தான் வம்பு ஆரம்பித்தது.

அதை எழுதியவர் ஹெர்மீனே டோர்ன். வயது எண்பத்திரண்டு. அறுபது வருடமாக எழுதுகிறார். வீட்டில் பியானோ கிடையாது. இஸ்திரி மேசையில் தாளை விரித்து வைத்துத்தான் எழுதுவார். படைப்பின் பெயர் ‘ஈரமான மாடிப்படி’. நீளம் பத்தொன்பது நிமிடம். வாசிப்புக்கு முந்தின நாள் ஹெர்மீனே தன் வீட்டு மாடிப்படியில், அது ஈரமாக இருந்த காரணத்தால், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஒலிப்பதிவாவது இருக்குமே என்று பார்த்தால், இயக்குநரின் அறிமுக உரை நாற்பது நிமிடம் பதிவாகியிருந்தது. அதோடு பேட்டரி தீர்ந்துவிட்டது.

ரோஸ்வித்தா ஆஸ்பத்திரிக்குப் பிளம்ஸ் கேக் வாங்கிக்கொண்டு போனாள்.

“எப்படி இருந்துச்சு?” என்றார் ஹெர்மீனே.

“நல்லா இருந்துச்சு.”

“எல்லாரும் அதத்தான் சொல்வாங்க. எந்த எடம்?”

“நடுவுல ஒரு எடம். ஒரு நாப்பது செகண்டு இருக்கும். காலையில காப்பி வடியறதுக்குக் காத்துக்கிட்டு நிக்கறப்ப, அந்த எடத்த என் விரல் தானா மேசையில தட்டுது. இதுக்கு முன்னாடி எதுக்கும் அப்படி ஆனதில்ல.”

“வலது கை மேல ஏறிப் போகுமே, அதுவா?”

“அதேதான்.”

“அது நல்லா இருக்கும்னு நெனச்சுத்தான் எழுதினேன். ஆனா நெனப்புல எல்லாமே நல்லாத்தான் இருக்கும். இந்த ஆஸ்பத்திரி சூப்பு கூட நெனப்புல நல்லாருக்கு. காதால கேக்கணும், பொண்ணே. ஒரே ஒரு தடவ. மிச்சத்தையும் மனப்பாடமா வாசிச்சுக் காட்ட முடியாதா?”

“மனசுல நிக்கிற மாதிரி எதையும் இதுல வெக்கலன்னு நீங்கதானே முன்னுரையில பெருமையா எழுதியிருக்கீங்க?”

“அடப் பைத்தியமே! அதெல்லாம் அறக்கட்டளக்காரங்க கேப்பாங்கன்னு எழுதறது. எல்லாரும் எழுதறாங்க, நானும் எழுதினேன்.”

ரோஸ்வித்தாவுக்கு அன்று வரை ஒரு படைப்பை இரண்டாம் முறை வாசிக்க வேண்டும் என்று தோன்றியதில்லை. பெரும்பாலானவற்றை முதல் முறையே வாசிக்க வேண்டும் என்று தோன்றியதில்லை. ஆனால் இந்தக் கிழவிக்கு இதை வாசித்துக் காட்டாவிட்டால், மற்ற முந்நூற்றுப் பதினொன்றும் எதற்காக என்று அவளுக்குப் பிடிபடவில்லை. நேராக இயக்குநரிடம் போனாள்.

இயக்குநர் டாக்டர் ஃபோல்க்மார் ஸ்டீக்லர் கழுத்து வரை மூடிய கறுப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தார். கோடையிலும் அதுதான். எதிரில் பெண் என்றால் ‘ஃபிராவ்’, ஆண் என்றால் ‘ஹெர்’ என்று மரியாதை போடாமல் வாய் திறக்க மாட்டார்.

“ரெண்டாவது தடவையா?” என்றவர், ஏதோ கெட்ட வாடை அடித்தது போல் எழுந்து ஜன்னலைத் திறந்தார். “ஃபிராவ் கெர்பர், உக்காருங்க. தண்ணி குடிங்க. வீட்டுல ஏதாவது பிரச்சனையா?”

“இல்ல, ஹெர் டாக்டர். ஃபிராவ் டோர்ன் அதக் கேக்கவே இல்ல. அதான்.”

“எழுதினவங்க எதுக்குக் கேக்கணும்? இங்க பாருங்க. ஒரு தடவ கேட்டா மக்களுக்கு ஒண்ணும் புரியாது. அது ஆரோக்கியம். ரெண்டு தடவ கேட்டா கொஞ்சம் புரியும். மூணாவது தடவ பிடிக்க ஆரம்பிச்சிடும். பிடிச்சுப்போச்சுன்னா அவங்களாவே வருவாங்க, கூட நாலு பேரக் கூட்டிட்டு வருவாங்க. மக்கள் தானா வர்ற எடத்துக்கு எங்கள மாதிரி ஒரு அறக்கட்டள எதுக்கு? நீங்க இசைய மட்டும் நெனச்சுப் பேசறீங்க. நான் ஒரு நிறுவனத்தையே நெனச்சுப் பாக்க வேண்டியிருக்கு.”

ரோஸ்வித்தா தண்ணீரைக் குடித்தாள். அவள் எழுந்திருக்கப் போன நேரத்தில், மூலையில் உட்கார்ந்திருந்த செயலர் பிலார்ஸ்கி தொண்டையைச் செருமினார். சட்டத்தின் தொண்ணூற்று நான்கு பிரிவுகளும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதைத் தவிர வேறு பொழுதுபோக்கு அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

“ஹெர் டாக்டர், இருபத்தேழாம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. முதல் ஒலிப்ப வெளியாள் ஒருத்தர் கூட கேக்கலன்னு எழுதினவங்க மனு போட்டு நிரூபிச்சா, அது செல்லாது. அடுத்து வாசிக்கிறதுதான் முதல் ஒலிப்பு.”

“ஆனா பதினாலு பேர் வந்திருந்தாங்களே” என்றாள் ரோஸ்வித்தா.

“வந்திருந்தாங்க. கேட்டாங்களா?”

 இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

அறக்கட்டளையின் கூடத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் பெயரும் விலாசமும் எழுதி ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அன்றைய பதினான்கு அட்டைகளையும் பிலார்ஸ்கி ரப்பர் பேண்ட் போட்டு அவளிடம் கொடுத்தார். “ஒவ்வொருத்தர்கிட்டயும், ‘நான் கேக்கல’ன்னு உறுதிமொழிப் பத்திரம். ரெண்டு பிரதி.”

ரோஸ்வித்தா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதல் நான்கு பேர் இசைப் படைப்பாளிகள். நான்கு பேரும் கதவைத் திறந்த வேகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். “அடுத்தவங்க எழுதினத நான் கேக்கறதே இல்ல. கொள்கை” என்றார் ஒருவர். “நான் அங்க உக்காந்து என்னோட அடுத்த படைப்ப யோசிச்சுக்கிட்டிருந்தேன்” என்றார் இன்னொருவர். “ஹெர்மீனேவோட படைப்பா? நான் அது இயக்குநர் உரையோட தொடர்ச்சின்னு நெனச்சேன்” என்றார் மூன்றாமவர். நான்காமவர் தன் புதுப் படைப்பின் தாளை அவள் கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ஐந்தும் ஆறும் ஒரு ஓய்வு பெற்ற தம்பதி. நார்வே நாட்டுக் கடற்கரையைப் பற்றிப் படம் காட்டுவதாக நினைத்து, கூடம் மாறி வந்துவிட்டார்கள். “படம் ஓடலன்னதும், மெஷின் பழுதாயிடுச்சு, சரி பண்றாங்கன்னு பொறுமையா இருந்தோம்” என்றார் அந்த அம்மாள். “நீங்க ரொம்ப நேரம் அதத் தட்டிக்கிட்டே இருந்தீங்க. பாவமா இருந்துச்சு.”

ஏழாவது ஒரு கல்லூரி மாணவி. வருகைக் கையெழுத்துக்காக வந்தவள். காதில் கால்பந்து வர்ணனை. எட்டாவது ஆள் தூங்கிவிட்டார். ஒன்பதாவது அவர் மனைவி. அவர் குறட்டை விட்டுவிடக் கூடாதே என்று பத்தொன்பது நிமிடமும் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்ததாக அழாக்குறையாகச் சொன்னார்.

பத்தாவது, எங்கள் ஊர்ப் பத்திரிகையின் விமர்சகர் லியோபோல்ட் ஃப்ரிக்கே. அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.

“நான் கேக்கலன்னு எப்படி எழுதித் தர்றது? ‘எலும்பு வரைக்கும் உலுக்குகிற பத்தொன்பது நிமிடங்கள்’னு நான்தானே எழுதினேன்? என் பேர் என்ன ஆகறது?”

“எந்த எடம் உலுக்குச்சு, ஹெர் ஃப்ரிக்கே?” என்றாள் ரோஸ்வித்தா. உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டாள். அவள் கையில் விமர்சனம் வந்த பத்திரிகை இருந்தது. மேலே வியாழக்கிழமை என்று தேதி போட்டிருந்தது. வாசிப்பு நடந்ததும் வியாழக்கிழமைதான், ஆனால் மாலையில். பத்திரிகை வருவது காலையில்.

ஃப்ரிக்கே அந்தத் தேதியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“உடம்பாலதான் நான் அங்க வரல” என்றார் கடைசியில். “முன்னுரைய முழுசாப் படிச்சேன். அட்டைய நண்பர்கிட்ட குடுத்து விட்டேன். நேர்ல வந்து கேட்டா மனசு ஒரு பக்கமா சாஞ்சுடும், ஃபிராவ் கெர்பர். நடுநிலை கெட்டுடும். முப்பது வருஷமா நான் அந்தத் தப்பப் பண்ணினதில்ல.” பேனாவைக் கேட்டு வாங்கி, இரண்டு பிரதியிலும் போட்டுக் கொடுத்தார்.

பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று மூவரும் அறக்கட்டளைக் குழுவின் உறுப்பினர்கள். வாசிப்புக்குப் பிறகு நடந்த விருந்துக்குத்தான் வந்ததாகவும், அது தள்ளிப்போகக் காரணமான சத்தத்தைக் கவனிக்கவில்லை என்றும் ஒரே வாசகத்தில் ஆளுக்கொரு பத்திரம் எழுதி மூவரும் கையெழுத்திட்டார்கள்.

ஆறு வாரத்தில் பதின்மூன்று பத்திரங்கள். ரோஸ்வித்தாவுக்கு ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை.

பதினான்காவது அட்டையில் இருந்த பெயர் ஜெமால் ஒஸ்துனா. கூடத்தின் பராமரிப்பாளர். அந்தக் கூடம் முன்பு சுரங்கத்தில் நிலக்கரி கழுவுகிற இடமாக இருந்தது. ஜெமாலின் அப்பா அங்கே கரி கழுவினார், ஜெமால் அதே தரையைக் கழுவுகிறார். வேலையாட்கள் வெளியாட்கள் கணக்கில் வர மாட்டார்கள் என்பதால் அவர் கையெழுத்தே தேவையில்லை என்றுதான் ரோஸ்வித்தா நினைத்தாள். ஆனால் அன்று ஜெமாலின் வேலை நேரம் ஏழரைக்கே முடிந்துவிட்டது. வாசிப்பு ஆரம்பித்தது எட்டரைக்கு. ஒழுங்கான மனிதர் என்பதால், வேலை முடிந்த நேரத்தை வேலை அட்டையில் பதிந்துவிட்டு, பார்வையாளர் அட்டையையும் நிரப்பிவிட்டு உள்ளே வந்திருக்கிறார்.

“எதுக்கு ரோஸி நான் பொய் சொல்லணும்?” என்றார் ஜெமால், தன் சின்ன அறையில் அவளுக்குத் தேநீர் ஊற்றியபடி. “நான் கேட்டேனே.”

“முழுசாவா?”

“ஸ்டீக்லர் பேசி முடிக்கிற வரைக்கும் விளக்க அணைக்க முடியாதே, வேல நேரம் முடிஞ்சும் அதுக்காக நின்னேன். அப்புறம் நீ ஆரம்பிச்ச. சரி, கெளம்பலாம்னு கோட்ட மாட்டினேன். அப்பத்தான் அந்த நடு எடம் வந்துச்சு. கோட்டக் கழட்டிட்டேன்.”

ரோஸ்வித்தா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“என்ன ரோஸி, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?”

“ஒண்ணுமில்ல ஜெமால். இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தர் கேட்டிருக்கீங்க. அத இல்லன்னு எழுதி வாங்கத்தான் நான் வந்திருக்கேன்.”

“அப்ப வாங்காத. இன்னொரு டீ குடி.”

அவள் வாங்கவில்லை. பதினான்காவது அட்டையைப் பத்திரம் இல்லாமலே பிலார்ஸ்கியிடம் கொடுத்தாள். சாட்சி முரண்டு பிடித்தால் நேரடி விசாரணை, அதுவும் சம்பவம் நடந்த இடத்திலேயே, என்றது இருபத்தெட்டாம் பிரிவு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூடத்தில் குழு கூடியது. ஒன்பது உறுப்பினர்கள், நீளமான மேசை, மினரல் வாட்டர், ஆளுக்கு ஒரு உப்பு பிரெட்செல் ரொட்டி. நாற்காலிகளை அன்றைக்கு இருந்த மாதிரியே போட்டிருந்தார்கள். காப்பகத்திலிருந்து இசைத்தாளைக் கொண்டுவந்து, முத்திரையை உடைத்து, ‘சான்றுப் பொருள் ஒன்று’ என்று சீட்டுக் கட்டி மேசையில் வைத்தார்கள். உறுப்பினர்கள் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். இருவர் தலைகீழாகப் பார்த்துத் தலையாட்டினார்கள். பியானோவின் காலில் ‘சான்றுப் பொருள் இரண்டு’ தொங்கியது. ஹெர்மீனே சக்கரம் வைத்த நடைத்தாங்கியை உருட்டிக்கொண்டு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்தார். பதின்மூன்று பத்திரங்களையும் பிலார்ஸ்கி படித்தார். ஒவ்வொன்றுக்கும் உறுப்பினர்கள் திருப்தியுடன் தலையசைத்தார்கள். பிறகு ஜெமாலைக் கூப்பிட்டார்கள்.

“ஹெர் ஒஸ்துனா,” என்றார் இயக்குநர் அன்பாக, “ஏதோ சத்தம் கேட்டிருக்கும். தண்ணிக் குழாயா இருக்கலாம். கட்டடம் பழசு.”

“குழாய் சத்தம் எனக்குத் தெரியும். இது இசை.”

“என்ன கேட்டீங்க? சொல்ல முடியுமா?”

“சொல்லத் தெரியாது. தரை தொடைக்கிறப்ப தானா வாயில வருது. பாடிக் காட்டறேன்.”

பாடினார். மாப் போடுகிறபோது பாடுகிற மாதிரி, வாயைத் திறக்காமல், மூக்கால். நாற்பது செகண்டு. நடுவில் ஒரு இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறினார். ரோஸ்வித்தாவின் வலது கை விரல்கள் மடியில் தாமாக அசைந்தன.

இயக்குநரின் முகம் மலர்ந்தது. அவர் எழுந்து நின்றார்.

“நண்பர்களே, நமக்குக் கவலையே இல்ல. இவரு எதையும் கேக்கல. புதிய இசைய யாராலயும் முணுமுணுக்க முடியாது. அதுதான் அதோட நேர்மை. நான் முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஆயிரத்துக்கு மேல முதல் ஒலிப்புகளுக்கு அறிமுக உரை குடுத்திருக்கேன். ஒண்ணே ஒண்ணு, ஒரே ஒரு வரி கூட எனக்கு ஞாபகம் இல்ல. இத நான் பெருமையாச் சொல்றேன்! இவரு பாடினது ஞாபகத்துல நிக்கிது. எனக்கே நிக்கிது இப்ப, பாருங்க, எரிச்சலா இருக்கு. ஞாபகத்துல நின்னா அது நம்ம இசையா இருக்க முடியாது. ஆகவே அவர் கேட்டது வேற எதையோ. ஆகவே யாருமே கேக்கல. ஆகவே ஃபிராவ் கெர்பர் வாசிக்கலாம், முதல் முறையா!”

உறுப்பினர்கள் மேசையை விரல் முட்டியால் தட்டிப் பாராட்டினார்கள். ரோஸ்வித்தா கண்ணை மூடித் திறந்தாள். முடிந்தது. வாசிக்கலாம்.

“ஒரு சம்பிரதாயம் பாக்கி” என்றார் பிலார்ஸ்கி. “ஃபிராவ் டோர்ன், இவர் பாடினது உங்க படைப்பில்ல. ‘இல்ல’ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், எழுதிக்கறேன்.”

ஹெர்மீனே ஜெமாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னோடதுதான்” என்றார்.

“ஃபிராவ் டோர்ன்!” ரோஸ்வித்தா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். “ஆறு வாரம் சைக்கிள் மிதிச்சிருக்கேன். ஒரே ஒரு ‘இல்ல’. சொல்லுங்க, அப்புறம் முழுசாக் கேக்கலாம்!”

“அறுபது வருஷமா எழுதறேன் பொண்ணே. மொத தடவையா ஒரு ஆளு என் பாட்டப் பாடிக்கிட்டு தரை தொடைக்கிறான். அத என்னுது இல்லன்னு நான் சொல்லணுமா? போங்கடா.” ஜெமால் பக்கம் திரும்பினார். “அந்த மேல போற எடத்துல நீ ஒரு சுரத்த விட்டுட்ட.”

“மூச்சுப் பத்தல, ஃபிராவ் டோர்ன்.”

“பரவால்ல. நானும் அத எடுத்துடலாமான்னு யோசிச்சேன்.”

இயக்குநர் மெதுவாக உட்கார்ந்தார். கெட்ட செய்தி சொல்கிற மருத்துவரின் குரல் அவருக்கு வந்துவிட்டது. “ஃபிராவ் டோர்ன், இதோட விளைவு உங்களுக்குப் புரியுதா? படைப்பு கேக்கப்பட்டிருக்கு. மனு தள்ளுபடி. மறுபடி வாசிக்கவே முடியாது. அது மட்டுமில்ல, காப்பக அட்டையில ‘முணுமுணுக்கத் தக்கது’ன்னு குறிப்பு எழுத வேண்டியிருக்கும். உங்க பேருக்கு அது...”

“பெரிய எழுத்துல எழுதுங்க.”

பிலார்ஸ்கி எழுதினார். சான்றுப் பொருள் ஒன்றுக்குத் திரும்ப முத்திரை வைக்க அரக்கை உருக்கத் தீப்பெட்டியைத் தேடினார். அதற்குள் ரோஸ்வித்தா மேசைக்கு வந்து, இசைத்தாளை எடுத்து, சீட்டை அவிழ்த்து அவர் முன்னால் வைத்துவிட்டு, பியானோவை நோக்கி நடந்தாள்.

“பதினோராம் பிரிவு, ஃபிராவ் கெர்பர்!” என்று கத்தினார் இயக்குநர். “வேலை போயிடும்!”

“தெரியும், ஹெர் டாக்டர்.”

உட்கார்ந்தாள். ஸ்டூலின் உயரத்தைச் சரி செய்தாள். வாசிக்க ஆரம்பித்தாள்.

இயக்குநர் பிலார்ஸ்கியின் காதருகே குனிந்தார். “நிறுத்துங்க! எழுதுங்க! சட்ட மீறல்னு எழுதுங்க!”

“எழுதலாம்,” என்று பிலார்ஸ்கி கிசுகிசுத்தார், “ஆனா இது ரெண்டாவது ஒலிப்பு. நம்ம கூடத்துல, நம்ம பியானோவுல. தாள முத்திரை உடைச்சு எடுத்துக் குடுத்ததும் நாம. குழு மொத்தமும் உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கு. விஷயம் மேலிடத்துக்குப் போச்சுன்னா நான்காம் பிரிவ மீறினது அந்தம்மா இல்ல ஹெர் டாக்டர். நாமதான்.”

“அய்யோ. அப்ப என்ன பண்றது?”

“கேக்காம இருக்கலாம். நமக்குப் பழக்கம்தானே.”

இயக்குநர் யோசித்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, மேசையின் இரண்டு பக்கமும் பார்த்து, உதட்டை மட்டும் அசைத்தார்: எதுவும் நடக்கல.

உறுப்பினர்கள் அனுபவசாலிகள். ஒருவர் கூரையின் இரும்புச் சட்டங்களை எண்ண ஆரம்பித்தார். ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார். மற்றவர்கள் பிரெட்செல் சாப்பிட்டார்கள். ரோஸ்வித்தா பக்கத்தைப் புரட்டினாள். முதல் ஆறு நிமிடம் கரடுமுரடாக, படியில் ஒருவர் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்குவது போல் போனது. ஹெர்மீனே நடைத்தாங்கியின் பிடியில் தாடையை வைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார். சில இடங்களில் “ச்சே” என்றார். ஒரு இடத்தில் “ஓ” என்றார்.

பிறகு அந்த இடம் வந்தது. வலது கை மேலே ஏறியது. மேசையின் கோடியில் இருந்த ஒரு உறுப்பினர், பதினொன்றாவது பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர், மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். நாற்பது செகண்டு கழித்துத்தான் விழுங்கினார். அதை யாரும் கூட்டக் குறிப்பில் எழுதவில்லை.

ரோஸ்வித்தா முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகம் வியர்த்திருந்தது. பிலார்ஸ்கி கடிகாரத்தைப் பார்த்து, தெளிவான கையெழுத்தில் எழுதி, சட்டப்படி உரக்கப் படித்தார்:

“பதினொன்று ஐம்பதிலிருந்து பன்னிரண்டு ஒன்பது வரை எதுவும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றுக்காக யார் மீதும் நடவடிக்கை எடுக்க இயலாது. மனுதாரருக்கு ஏதாவது சொல்ல இருந்தால் சொல்லலாம்.”

எல்லோரும் ஹெர்மீனேவைப் பார்த்தார்கள். ரோஸ்வித்தாவும் பார்த்தாள். கிழவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, ஸ்கார்ஃபில் துடைத்து, திரும்ப மாட்டினார். அதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

“அஞ்சு நிமிஷம் அதிகம்” என்றார்.

“எந்த அஞ்சு நிமிஷம்?” என்றாள் ரோஸ்வித்தா.

“அதான் தெரியல. திரும்ப வாசி, சொல்றேன்.”

ரோஸ்வித்தா தாளை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். ஜெமால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஹெர்மீனே பக்கத்தில் உட்கார்ந்தார். இயக்குநர் வாயைத் திறந்தார். பிலார்ஸ்கி அவர் முன்னால் இன்னொரு பிரெட்செல்லை நகர்த்தி வைத்தார். பிறகு குறிப்பேட்டில் ‘பன்னிரண்டு ஒன்பது’ என்பதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, முடியும் நேரத்துக்கு இடத்தை வெறுமையாக விட்டு, பேனாவை மூடினார்.